கரை சேர்ந்த மறுநாள்

தருமபுரம், காரைக்கால்
29.9.2024

அன்புத் தங்கை ஜெர்லினுக்கு அக்கா ஆக்சிலியா எழுதுவது. மாதா துணையில் வீட்டில் எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மதருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

நீந்திவிட்டேன்.

இந்த ஒரு வார்த்தையோடு கடிதத்தை ஒட்டி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் மடத்தில் போன் பேச வழியில்லாததால், ஊருக்கெல்லாம் தெரிந்த சேதி என் கூடப்பிறந்தவளுக்குக் கடைசியாக வருகிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஊரே காரைக்காலில் இருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகும். நான் வேளாங்கண்ணியில் இருந்து காரைக்காலுக்கு நீந்தி வந்தேன். இந்த மாதத்தில் நீரோட்டம் வடக்கே இழுக்கும், அதனால்தான் இந்தத் திசை. கருக்களாச்சேரி காசியம்மாவை உனக்குத் தெரியும், நம் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். அவள் வீட்டுக்காரர்தான் ஃபைபர் படகை ஓட்டிக்கொண்டு கூடவே வந்தார். உன் அத்தான் வில்சன் அதில் உட்கார்ந்து, கஞ்சி பாட்டிலைக் கயிற்றில் கட்டி வீசிக்கொண்டே இருந்தார். படகை நான் தொடக்கூடாது, தொட்டால் கணக்கில் வராது. விடியுமுன் இறங்கினேன். நாகூர் தர்கா மனோராக்கள் தெரிந்தபோது பாதிக்கு மேல் வந்தாயிற்று என்று அத்தான் கத்தினார்.

அதற்குப் பிறகுதான் சொறிமுட்டை, அந்த ஜெல்லி மீன் கூட்டம். கழுத்து, கை, உதடு எல்லாம் நெருப்பாக எரிந்தது. நின்றுவிட்டேன். அவர் குனிந்து கையை நீட்டி, "ஏறிக்க ஆக்சி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். வந்ததே எனக்குக் கோபம். அந்தக் கோபத்தில்தான் மிச்ச தூரத்தை நீந்தினேன். பாவம், நல்லெண்ணத்தில் சொன்ன மனிதர் இன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

காரைக்கால் கரையில் கால் பட்டதும் நிற்கத் தெரியாமல் விழுந்தேன். பேண்டு வாத்தியம், மாலை, கூட்டம். அத்தை லூர்தம்மாள் காய்ந்த மணலில் மண்டியிட்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். சுனாமியில் மாமா சூசைமுத்து போன பிறகு இருபது வருடமாகக் கடற்கரைப் பக்கமே வராத மாமியார், ஜெர்லின். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வந்துட்ட. போதும்" என்றார்.

நாற்பத்து மூன்று வயதில் உன் அக்கா செய்த காரியம் இது. ஆறு வருட ஆசை. பெருமையாக இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

உன் ஜெபத்தில் மிதந்து வந்த
அக்கா ஆக்சிலியா


கார்மேல் மடம்
14.10.2024

என் அன்பு அக்காவுக்கு, இயேசுவுக்கே புகழ். முழங்கால் முழங்காலாகவே இருக்கிறது. உன் உடம்பில் சொறிமுட்டை பட்ட இடமெல்லாம் ஆறியதா? அத்தைக்கு ரத்த அழுத்தம் எப்படி? உன் பையன் பிரவினுக்குக் கல்லூரி விடுதிச் சாப்பாடு பழகிவிட்டதா?

பேசலாம் என்று அனுமதி உள்ள மாலை நேரத்தில் மதர் உன் கடிதத்தை உரக்க வாசிக்கச் சொன்னார். அத்தான் கையை நீட்டிய இடம் வந்ததும், எண்பது வயது சகோதரி ஒருவர் "ஏறிடாதம்மா" என்று கத்திவிட்டார். அப்புறம் எல்லோருமே கத்தினோம். மௌனம் காப்பதற்கென்றே கட்டிய வீட்டில் இப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதில்லை. மறுநாள் மதியம் உன் பெயரில் பாயசம். முந்திரி குறைவுதான், ஆனால் எல்லோரும் இரண்டு முறை வாங்கிக்கொண்டோம்.

அக்கா, எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. சின்ன வயதில் அரசலாற்றில் இடுப்பளவுத் தண்ணீருக்கே என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ.

ஒன்று மட்டும் நீ எழுதவில்லை. மறுநாள் என்ன செய்தாய்?

உன் கையால் ஒரு பதில் வரும்வரை தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்
ஜெர்லின்


தருமபுரம்
20.11.2024

அன்புத் தங்கைக்கு, இங்கே எல்லோரும் சுகம், நீயும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. திருவருகைக் காலம் தொடங்கினால் நீங்கள் யாருக்கும் எழுத மாட்டீர்கள் என்பதால் அதற்குள் போட்டுவிடுகிறேன்.

ஒரே பாராட்டு விழா. பொன்னாடை வைக்க பீரோவில் இடமில்லை, அத்தை அவற்றைத் தலையணை உறையாகத் தைக்கலாமா என்று யோசிக்கிறார். பள்ளிக்கூடம், பங்குக் கோவில், என் அலுவலகம், ரோட்டரி என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி, "அடுத்து என்ன?" விளையாட்டு மன்றத் தலைவர் பூமிநாதன் கேட்கவே இல்லை, அவரே பதிலையும் சொல்லிவிட்டார். தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி. நான் "பார்க்கலாம் சார்" என்றேன். அடுத்த வாரமே என் படத்தைப் போட்டுப் பெரிய பேனர் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். பாதிச் சுவர் நீளம். அது இப்போது சுருட்டின பாயாக மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.

மழை விடாமல் பெய்கிறது. வீட்டை ஒழுங்குபடுத்தினேன். சமையலறை அலமாரி முழுதும் இறக்கிக் கழுவினேன், மறுபடி ஒரு முறையும் கழுவினேன். நீச்சலுடை, கண்ணாடி எல்லாவற்றையும் அந்துருண்டை போட்டு இரும்புப் பெட்டியில் கட்டி வைத்தாயிற்று. கொஞ்சம் எடை கூடியிருக்கிறேன். அத்தான் அதைச் சொல்லவில்லை, ஆனால் பார்க்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகளை இப்போதே வாங்கிக்கொள்.

அக்கா


கார்மேல் மடம்
7.1.2025

அன்பு அக்கா, புத்தாண்டு ஆசீர் உங்கள் வீட்டில் எல்லோர் மேலும் இருக்கட்டும். இங்கே கடுங்குளிர். முழங்கால் பேச்சை இனி எடுக்க வேண்டாம், அதுவே அலுத்துவிட்டது. டிசம்பர் இருபத்தாறு அன்று மாமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். அத்தையிடம் சொல்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பொன்னாடை இருக்கிறது, பேனர் இருக்கிறது, அலமாரி இரண்டு முறை இருக்கிறது. கடல் எங்கே? நீ தண்ணீரில் இறங்கி எத்தனை நாளாகிறது?

மறுநாள் என்ன செய்தாய் என்று கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை. நான் மறதிக்காரி இல்லை அக்கா. இங்கே மறப்பதற்கு அவ்வளவு சம்பவங்கள் நடப்பதில்லை.

அன்போடும் கொஞ்சம் சந்தேகத்தோடும்
ஜெர்லின்


தருமபுரம்
9.2.2025

அன்புள்ள ஜெர்லின், சுகம், சுகமறிய ஆவல். நீ கேட்டதற்கு இப்போது சரியான பதில் இருக்கிறது.

நான் இனிமேல் கடலில் இறங்க முடியாது. டிசம்பர் இருபத்தாறு அன்று பூசை முடிந்து கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரும்போதுதான் அத்தை சொன்னார். நான் நீந்திய அன்று கரையில் மண்டியிட்டிருந்தார் அல்லவா, அப்போது மாதாவிடம் நேர்ந்துகொண்டாராம். "என் மருமவள உசுரோட கரையில சேத்துடு தாயே. இனிமே எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் கடல்ல கால் வைக்க மாட்டோம்." நான் கரை சேர்ந்துவிட்டேன். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள், இனி நம் பங்கு.

அத்தையை என்ன சொல்ல முடியும்? மாமா அன்றைக்கு மீன் வாங்கத்தான் கடற்கரைக்குப் போனார். கிறிஸ்துமஸ் முடிந்து மறுநாள், வீட்டில் கறி அலுத்துவிட்டது என்று அத்தைதான் தன் கையால் பையைக் கொடுத்து அனுப்பினார். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவர் இருபது வருடமாக ஜெபமாலை சொல்கிறார். அவர் நேர்ச்சையை நான் உடைக்க மாட்டேன். பூமிநாதனிடமும் சொல்லிவிட்டேன். மதக் காரியம் என்றதும் அவரும் மேற்கொண்டு பேசவில்லை.

இப்படி முடிந்ததில் எனக்கு வருத்தமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு. நீ கவலைப்படாதே, உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கார்மேல் மடம்
1.3.2025

என் அக்காவுக்கு, நலம். அங்கும் நலமே இருக்க வேண்டும். வரும் புதன் தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை நான் எழுத முடியாது, வரும் கடிதங்களையும் மதர் எடுத்து வைத்திருந்து ஈஸ்டர் அன்றுதான் தருவார். அதனால் இதை அவசரமாக, சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

நேர்ச்சை விஷயத்தை எங்கள் பூசைக்கு வரும் சாமியாரிடம் கேட்டேன். திருச்சபைச் சட்டம் தெளிவாக இருக்கிறதாம். நேர்ச்சை நேர்ந்தவரை மட்டும்தான் கட்டும். அடுத்தவர் தலையில் நேர முடியாது. அத்தை கடலில் கால் வைக்கக்கூடாது, அவ்வளவுதான். உன் கால் உன்னுடையது.

இது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் வேறு. அத்தை உன்னிடம் சொன்னது டிசம்பர் கடைசியில். நீ நீச்சலுடையை அந்துருண்டை போட்டுக் கட்டியதாக எழுதியது நவம்பரில். நேர்ச்சை வருவதற்கு முன்பே நீ பெட்டியைப் பூட்டிவிட்டாய். படகில் கையை நீட்டிய புருஷன் மேல் கோபப்பட்டு அத்தனை தூரம் நீந்தியவள், கடலே கூடாது என்று சொன்ன மாமியார் மேல் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. உன் கடிதத்தில் நிம்மதிதான் இருக்கிறது அக்கா. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

தவக்காலம் முழுதும் உனக்காக ஜெபிக்கும்
ஜெர்லின்


தருமபுரம்
10.3.2025

ஜெர்லினுக்கு,

சுகம். இந்தக் கடிதம் உன் கைக்கு ஈஸ்டருக்குத்தான் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். அதுவரை என்னால் இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

நாலு சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. தேதி பார்த்துத் துப்பறிகிறாயா? சாமியாரிடம் எங்கள் வீட்டுச் சங்கதியைச் சொல்ல உன்னை யார் கேட்டது? வீடு, அலுவலகம், அத்தை, அத்தான் என்று எல்லாவற்றையும் சமாளித்து ஒரு காரியம் முடித்தேன். முடித்துவிட்டேன். முடித்தவளைச் சும்மா விட மாட்டீர்களா, நீயும் அந்தப் பூமிநாதனும்?

ஆக்சிலியா


தருமபுரம்
17.4.2025, பெரிய வியாழன்

என் ஜெர்லின் கண்ணுக்கு, அக்கா நன்றாக இருக்கிறேன். இந்த முறை சும்மா எழுதவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

போன கடிதத்தை முதலில் படித்திருந்தால் இதைப் படிக்கும்வரை என்னை மன்னிக்காதே. படித்த பிறகு மன்னித்துவிடு.

மறுநாள் என்ன செய்தேன் என்று கேட்டாய். சொல்கிறேன். இருட்டிலேயே விழிப்பு வந்தது, ஆறு வருடப் பழக்கம். எழுந்து உட்கார்ந்தேன். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. உடம்பெல்லாம் சொறிமுட்டைத் தடிப்பு, கூடம் முழுக்க மாலை, எனக்கு ஒரே துக்கமாக வந்தது. செத்த வீட்டில் எழுந்த மாதிரி இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். யாரிடம் சொல்ல முடியும்? ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும்போது துக்கமாக இருக்கிறது என்றால் திமிர் என்பார்கள். மறுபடி கடலில் இறங்கி, அங்கேயும் இதே வெறுமை இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அதனால் பெட்டியைக் கட்டினேன். அத்தை நேர்ச்சையைச் சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள் என்று ஆறுதலாக இருந்தது.

பிறகு உன் கடிதம் வந்தது. உன் மேல் வந்த கோபத்தில் நாலு நாள் பாத்திரம் உடையாத குறை. ஐந்தாம் நாள் காலை பெட்டியைத் திறந்து, அந்துருண்டை நாற்றத்தோடு நீச்சலுடையைப் போட்டுக்கொண்டு கருக்களாச்சேரிக் கடற்கரைக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால்தான் நீச்சல் வருகிறது, என்ன பிறவியோ.

இறங்கினேன். கொஞ்ச தூரம் போய் நின்றேன். எந்தப் பக்கம் நீந்துவது என்று தெரியவில்லை. எப்போதும் முன்னால் ஒரு குறி இருக்கும், இன்றைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கும். அன்று எதுவும் இல்லை. மல்லாந்து கிடந்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, கீழே மணல் உருளும் சத்தம் காதில் கேட்டது. ஆறு வருடத்தில் இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை, அத்தனை அவசரம் எனக்கு. அப்படியே கிடந்து நன்றாக அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து, இட்லிக்கு அரைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுதும் மனம் லேசாக இருந்தது. மறுநாளும் போனேன். இப்போது வாரத்தில் நாலு நாள் போகிறேன். மிச்ச நாள் தூங்குகிறேன், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன், உன் சாமியார் சொன்னதையும் சேர்த்து. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். "நேந்துகிட்டது நான்தானே. நான் எறங்கல. நீ எறங்கு. ஆனா நான் பாக்குற தூரத்துலதான் இருக்கணும்." காய்ந்த மணலில் நிற்கிறார். அலை ஏறி வந்தால் புடவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறார். நேர்ச்சையை அவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றுகிறார்.

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

உன் முரட்டு அக்கா


கார்மேல் மடம்
27.4.2025

அன்பு அக்கா, அல்லேலூயா. இங்கே எல்லோரும் சுகம். மதர் இரண்டு கடிதத்தையும் ஒன்றாகக் கையில் தந்தார். தபால் முத்திரையைப் பார்த்து ஒழுங்காகப் பழையதைத்தான் முதலில் பிரித்தேன். அப்படியே சிற்றாலயத்துக்குப் போய் அரை மணி நேரம் ஆண்டவரிடம் உன்னைப் பற்றிக் கோள் சொன்னேன். பிறகு இரண்டாவதைப் பிரித்து, மறுபடி போய் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கினேன்.

உனக்கு நான் பாடம் எடுக்கவில்லை. எனக்கும் அந்த மறுநாள் தெரியும், அதனால்தான் கேட்டேன். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்து வாழ்நாள் துறவியான அன்று எனக்கு மலர் முடி வைத்தார்கள், ஆயர் வந்தார், நீயும் அத்தானும் வந்தீர்கள். பத்து வருடம் காத்திருந்த நாள். மறுநாள் அதே மணி அடித்தது. எழுந்து போனேன், ஒரு கூடை சின்ன வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னார்கள். இவ்வளவுதானா என்று அழுதுகொண்டே உரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் வெங்காயத்தால் என்று நினைத்துக்கொண்டார்கள். சில மாதம் அப்படி இருந்தது, அதை வீட்டுக்கு எழுதவில்லை. பிறகு ஒரு நாள் வெங்காயம் வெங்காயமாகவே பிடித்துப்போயிற்று. எப்படி என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

லூர்தம்மாள் அத்தை அலைக்குப் பயந்து ஓடுவதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். பாவம், அவரையும் பார்த்துக்கொள்.

உன் முரட்டுத்தனத்துக்கு நன்றியோடு
ஜெர்லின்


தருமபுரம்
20.7.2025

மரியே வாழ்க. சிஸ்டரம்மாவுக்கு லூர்தம்மாள் சொல்லச் சொல்ல மருமவ எழுதுறது. நான் நல்லாருக்கேன். நீங்க நல்லாருக்கீங்களா? முட்டிக்கு வேப்பெண்ணெ தேய்ங்க.

விசயம் என்னன்னா, இவ காலையில எறங்குறதப் பாத்துட்டு காசியம்மா எறங்குச்சு. மீன் விக்குற பொம்பளைங்க கடலப் பாத்துக்கிட்டே பொறந்து வளந்தவங்க, ஒருத்திக்கும் நீச்சத் தெரியாது. ஆம்பளைங்கதானே கடலுக்குப் போறது. இப்ப காசியம்மாவோட இன்னும் நாலஞ்சு பேரு வர்றாங்க. இவகூட ஆபீசுல வேல பாக்குற ஆஸியா பீவியும் வருது. பூமிநாதன் குடுத்த பேனரு இருக்கே, அதக் கம்பு நட்டுக் கட்டி, மறைப்பாக்கி உள்ள நின்னு துணி மாத்திக்கிறாங்க. மருமவ மூஞ்சி உள்பக்கம் இருக்கு. பூமிநாதன் வந்து பாத்தாரு. தலைமன்னாரு எப்பன்னு கேட்டதுக்கு இவ, "ஆச வந்தா நானே வந்து சொல்றேன் சார், இப்ப வரல"ன்னுட்டா.

எல்லாரும் தண்ணியில நின்னு சிரிக்கிறாங்க சிஸ்டரம்மா. நான் மட்டும் மணல்ல நிக்கிறேன். நேந்துகிட்டது நான், எல்லாரையும் கட்டுறதா நெனச்சுக் கடைசியில என்னைய மட்டும் கட்டிக்கிட்டேன். இத மாத்த வழி இருக்கா? மாதா கோவிச்சுக்குமா? இத எழுதச் சொன்னதுக்கு இவ சிரிக்கிறா. சிரிக்கிறான்னு நீயே எழுதுன்னு சொன்னேன், எழுதிட்டா.

லூர்தம்மாள்


கார்மேல் மடம்
4.8.2025

அன்புள்ள அத்தைக்கு, ஜெர்லின் வணக்கம். வேப்பெண்ணெய் தேய்க்கிறேன், மடமே மணக்கிறது.

வழி இருக்கிறது. உங்கள் பங்குச் சாமியாரிடம் போங்கள். நேர்ச்சையை வேறொரு நல்ல காரியமாக மாற்றித் தர அவருக்கு அதிகாரம் உண்டு. மாதா கோபிக்க மாட்டாள் அத்தை. நீங்கள் கேட்டதைக் கொடுத்த பிறகும் நீங்கள் கரையிலேயே நிற்பதைப் பார்த்து அவளுக்கும் சங்கடமாகத்தான் இருக்கும்.

உங்கள் ஜெர்லின்


தருமபுரம்
11.9.2025

அன்புத் தங்கை ஜெர்லினுக்கு, மாதா திருநாள் ஆசீர் உனக்கும் உன் முழங்காலுக்கும். நாங்கள் சுகம். இந்தக் கடிதத்தையும் மாலை நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டு, அந்த எண்பது வயதுச் சகோதரி முன்வரிசையில் இருக்கட்டும்.

சாமியார் நேர்ச்சையை மாற்றிக் கொடுத்தார். கொடியேறியதில் இருந்து திருநாள் வரை வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுக்க வேண்டும். அத்தை மோரோடு நிற்கவில்லை, கொப்புளம் வந்த காலுக்கு எண்ணெயும் போட்டார். சேலத்துக் கூட்டம் ஒன்று அவர் பெயரையும் தங்கள் ஜெபமாலை வேண்டுதலில் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறது. கடைசி நாள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நாளைக்கு" என்றார்.

ஒன்பதாம் தேதி காலை கடற்கரைக்குப் போனோம். உன் அத்தான் வேலைக்குப் போகாமல் கூட வந்தார், ஆனால் பேனருக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டோம். அத்தை பழைய நூல் புடவையை வரிந்து கட்டிக்கொண்டார். ஒரு கையை நான் பிடித்தேன், மறு கையைக் காசியம்மா. ஈர மணல் வந்ததும் நின்றார். முதல் அலை வந்து காலைத் தொட்டது. அவர் ஓடவில்லை. அடுத்த அலை முழங்காலுக்கு வந்தது. கடலைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கிற குரலில் கேட்டார், "அவரு மீன் வாங்கத்தானே வந்தாரு?"

ஆஸியா பீவி முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். நான் அழுதேன், காசியம்மாவும் அழுதாள். அத்தை அழவில்லை. இடுப்பளவுக்கு நடந்தார். என் கை இரண்டையும் முதுகுக்குக் கீழே கொடுத்து, "சாஞ்சுக்குங்க அத்தை, நான் புடிச்சிருக்கேன்" என்றேன். சாய்ந்தார். அறுபத்தெட்டு வயது உடம்பு ஜெர்லின், கனமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மிதந்தார். கரையில் இருந்த பெண்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் கைதட்டினார்கள். பேனருக்குப் பின்னால் இருந்து உன் அத்தானும் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார். நான் வேளாங்கண்ணியில் இருந்து வந்து சேர்ந்த அன்று கேட்ட வாத்தியத்தைவிட இது எனக்குப் பெரிதாகக் கேட்டது. நான் ஜெயித்த நாள் எது என்று இனி யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மறுநாள் என்ன செய்தாய் என்று நீ கேட்பாய். நீ கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். மறுநாள் நான் தூங்குகிற நாள். இருட்டில் யாரோ காலைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் அத்தை, நேற்றைய புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நிற்கிறார். அது இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை.

"எந்திரி" என்றார். "நேத்து நீ புடிச்சிருந்த. இன்னிக்குக் கைய எடுத்துடு."

உன் அன்பு அக்கா
ஆக்சிலியா